இருபத்தேழாம் பறப்புக்கு ஒரு திருத்தம்

குட்டி,

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நம் ராக்கெட் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் எல்லார் கண்ணிலும் படும்படி போடச் சொல்லி சங்கத்தை நடத்தும் ஜோஸ் சாரிடம் கொடுக்கப்போகிறேன். நேற்று உனக்கு ஏழு தடவை போன் செய்தேன். ஏழாவது தடவை எடுத்தாய். எடுத்தவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே? "குட்டி, பிரளயம் வரப்போறதுடீ, ஈரேழு பதினாலு லோகமும் ஆடப்போறது" என்று பந்தல் போட ஆரம்பித்தேன். நீ சிரித்தாய். "போன வாரமும்தான் பிரளயம் வந்துது சித்தப்பா, பால் பாக்கெட் ஒழுகினதுக்கு" என்றாய். "ராக்கெட் மூக்குல இருக்கிற டேப்பை எடுத்துடு, அதைத் தளர்த்தணும்" என்றேன். "லாக் புக்ல என்ன இருக்கோ அதுப்படிதான் பண்ணியிருக்கேன். மாத்தணும்னா காரணத்தோட எழுதிக் குடுங்கோ. வாயால சொன்னா எடுத்துக்க மாட்டேன், கேட்டேளா" என்று வைத்துவிட்டாய். எட்டாவது தடவை போன் செய்து அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை நான்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, வித்துராவைத் தாண்டி போனக்காடு போகும் வழியில் உள்ள எஸ்டேட் மைதானத்தில், நீ பாடம் சொல்லித்தரும் திருநெல்வேலிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, உன் புது ராக்கெட்டைப் பறக்கவிடப் போகிறாய். அதன் மூக்கில் இரண்டு சுற்று டேப் ஒட்டியிருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்தான் அந்த டேப்பை அங்கே ஒட்டியது. இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது உனக்கு எட்டு வயது. கரமனையில் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த என்னிடம் உன்னை ஒப்படைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், மலையாளத்தில் அச்சடித்த பாரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்குக் கீழே 'ரக்ஷகர்த்தாவு' என்று இருந்தது. காப்பாளர் என்று அர்த்தம். எனக்கோ மூவுலகையும் ரட்சிக்கும் பதவியில் ஐந்து ரூபாய் பேனாவால் அமர்த்திவிட்ட மாதிரி இருந்தது. பாரத்தைப் படிக்கவே இல்லை. நான்கு இடத்தில் கேட்டிருந்தார்கள், ஆறு இடத்தில் போட்டேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சித்தப்பா, படிக்காம போடறேளே" என்றாய். எட்டு வயசில் கேட்டாய். அப்போதே கேட்டிருக்கலாம் நான்.

நம் வீட்டில் கணக்காக எழுதுகிறவள் நீ, வாய்க்கு வந்ததை எழுதுகிறவன் நான் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். ஜோஸ் சாரின் சங்கத்தில் நாம் சேர்ந்த புதிதில், ராக்கெட் எவ்வளவு உயரம் போனது என்று பார்க்க நீ கோணமானியில் நூல் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாய். குறிப்பெழுதுவது என் வேலை. ஒரு நாள் லாக் புக்கில் உயரம் என்ற இடத்தில் 'சந்திரமண்டலத்துக்கு இரண்டு பஸ் ஸ்டாப் முன்னால்' என்று எழுதிவைத்தேன். நீ அதை அழிக்கவில்லை, கிழிக்கவில்லை. அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 'எழுபது மீட்டர்' என்று எழுதி, கோட்டின் ஓரத்தில் உன் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் போட்டாய். "தப்பும் இருக்கட்டும் சித்தப்பா. என்ன தப்பு, யார் திருத்தினானு பின்னாடி வர்றவாளுக்குத் தெரியணுமே" என்றாய். அன்றைக்கு நான் சங்கம் முழுக்க உன்னைக் கிண்டல் பண்ணினேன். சித்திரகுப்தனுக்கே நீதான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்றேன்.

பறப்புக்கு முன் சரிபார்க்கும் பட்டியலில் இரண்டு வரிசைக் கட்டங்கள் வேண்டும் என்று அடம்பிடித்தவளும் நீதான். இடது பக்கம் 'வீட்டில்', வலது பக்கம் 'மைதானத்தில்'. துடுப்புகள் உறுதியா, பாராசூட் மடிப்பு சரியா, தீப்பிடிக்காத காகிதம் வைத்தாச்சா, மூக்கு இரண்டு விரலால் இழுத்தால் கழல்கிறதா, எல்லாவற்றையும் வீட்டில் ஒரு தடவை, மைதானம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு தடவை. "ஒரே ராக்கெட்டை எத்தனை தடவைடீ பொண்ணு பார்க்கிறது?" என்று கேட்டேன். ஜோஸ் சார் மட்டும் தலையாட்டினார். முப்பது வருஷம் கட்டட வரைபடம் போட்டவர். "குட்டி பறயுன்னது சரியாணு சாரே. இங்க கரமனை வேற, அங்க மல வேற" என்றார்.

மலை வேறுதான். அது என் மண்டையில் ஏறவில்லை.

நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எஸ்டேட்டில் பனிமூட்டம் விலகுவதற்கும் காற்று கிளம்புவதற்கும் நடுவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்று போலீஸ் ஸ்டேஷனில் ஒன்பதரைக்கு அனுமதி வாங்கியிருந்தோம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். நான் ஏவுதல் அதிகாரி. ஏவும் பெட்டியின் சாவி என் கழுத்தில் கயிற்றில் தொங்குகிறது. அந்தச் சாவி இல்லாமல் பட்டனை ஆயிரம் தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது என்பதால், அதை ஏதோ மீனாட்சியம்மன் செங்கோல் மாதிரி சுமந்துகொண்டு மார்க்கெட்டுக்குக்கூடப் போய்வந்தவன். இப்பேர்ப்பட்ட நான் ராகு காலத்தில் ஒரு ராக்கெட்டை விடலாமா? நம்மவர்கள் பிரயாண நாள் சரியில்லை என்றால் நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்களே, பரஸ்தானம் என்று. பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. நானும் அதையே செய்தேன். காலை ஆறே காலுக்கு, ராகு காலத்துக்கு வெகு முன்னால், சாப்பாட்டு மேஜையில் காப்பியை வைத்துக்கொண்டு பட்டியலின் இடது வரிசை முழுக்க டிக் போட்டேன். கை நிற்கவில்லை. வலது வரிசைக்கும் போட்டேன். ராக்கெட்டுக்குப் பரஸ்தானம் ஆயிற்று, இனி ராகுவாலும் தொட முடியாது என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மூக்கை வீட்டில் இழுத்துப் பார்த்தேன், அது உண்மை. வெண்ணெயில் கத்தி போவது மாதிரி கழன்று வந்தது. நீ உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அவ்வளவு அழகாகப் பொருத்தியிருந்தாய். பிறகு ஜீப்பின் பின்னால் துணிப்பையில் இரண்டு மணி நேரம் அது மலையேறியது. வழியெல்லாம் தூறல், மேலே பனி. ராக்கெட்டின் உடம்பு அட்டைக் குழாய்தானே? அட்டை ஈரத்தைக் குடித்து ஊதிவிட்டது. மூக்கு அதற்குள் கல் மாதிரி இறுகிவிட்டது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்வதற்குத்தான் நீ ஒரு கட்டம் வைத்திருந்தாய். மைதானத்தில் வயர் கோத்துக்கொண்டே கேட்டாய்: "சித்தப்பா, மூக்கு பாத்தாச்சா?"

"ஆச்சு ஆச்சு. எல்லாம் டிக் ஆயாச்சு."

"இங்க வந்தப்பறமா?"

"பின்னே!"

அந்த ஒரு சொல்தான், குட்டி. என் வாழ்நாளில் கோடி சொல் மிகையாகப் பேசியிருக்கிறேன், ஒன்றும் யாரையும் கொல்லப் பார்த்ததில்லை. இந்தக் குட்டிச் சொல் பார்த்தது.

ராக்கெட் மேலே போனது, உயரத்தில் மிச்சமிருந்த பனிக்குள் மறைந்தது. 'டொப்' என்று சத்தம் கேட்டது. மேலே போய்ச் சேர்ந்ததும் மோட்டாரில் இருக்கும் கடைசி மருந்து வெடித்து மூக்கைத் தள்ள வேண்டும். மூக்கு கழன்றால் பாராசூட் விரியும். கழலாவிட்டால் போனது ஈட்டியாகத் திரும்பி வரும். வந்தது. மைதானத்தின் ஓரத்தில் செல்லம்மாவின் டீக்கடைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் நான். செல்லம்மா பாய்லருக்குப் பக்கத்தில் கையில் சீனி டப்பாவுடன் நின்றிருந்தாள். அவள் எப்போதும் உட்காரும் ஸ்டூலின் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. "சீனி எடுக்க எந்திரிச்சேன் அய்யா" என்றாள். "சீனி எடுக்கத்தான் எந்திரிச்சேன்." அதையே நாலைந்து தடவை சொன்னாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீங்கள் எல்லாரும் மேட்டில் ஏறி வருவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் செய்ததை இதுவரை ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன். மூக்கு உள்ளேயே இருந்தது. ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் பிடுங்கினேன். பாராசூட் மடித்தது மடித்தபடி, உன் விரல் பதித்த மடிப்பு கலையாமல், உள்ளே இருந்தது. அதை உருவிக் கசக்கினேன். ஒரு கயிற்றைப் பல்லால் அறுத்தேன். நீ வந்து சேர்ந்தபோது, "மூக்கு தளர்வா இருந்திருக்குடீ, ஏறும்போதே கழண்டு பாராசூட் பிச்சுண்டு போயிடுத்து" என்றேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஜோஸ் சார், "ஆராணு மூக்கு ஃபிட் செய்தது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லியிருக்கவே வேண்டாம். சொன்னேன். "அவதான், கடைசியா ஒரு தடவை தேய்ச்சா."

நீ செல்லம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்மேலதான் தப்பு, மன்னிச்சுடுங்கோ" என்றாய். அப்புறம் லாக் புக்கைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல, பறப்பு இருபத்தேழு என்று போட்டு நீயே எழுதினாய். 'மூக்கு தளர்வு. பொருத்தியவர் பிழை.' எழுத்து வழக்கம்போல நேராக வந்தது. அந்த ஓணத்துக்கு ஏவுதல் சாவியை உன் கையில் கொடுப்பதாக ஜோஸ் சார் முடிவு செய்திருந்தார். நீயே வேண்டாம் என்றாய். "ஒரு வருஷம் போகட்டும் சார், எனக்கே என்மேல நம்பிக்கை வரணும்" என்றாய். வருஷம் முடிவதற்குள் திருநெல்வேலி வேலைக்குப் போய்விட்டாய். சாவி என் கழுத்திலேயே கிடந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். அந்தச் சாவி போய்விடுமே என்றுதான். வேறு பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நான்கு வருஷமாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ செய்த ஒவ்வொரு ராக்கெட்டிலும் மூக்கு தளரக்கூடாதென்று இரண்டு சுற்று டேப் ஒட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். திருநெல்வேலி வெயிலில் அட்டை அப்பளம் மாதிரி உலர்ந்து கிடக்கும், டேப் ஒட்டினாலும் கழலும். நீ படம் அனுப்பும்போதெல்லாம், பொய் தூங்குகிறது, தூங்கட்டும் என்று எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொண்டேன். போன வாரம் நீ குழுவில் சனிக்கிழமைக்கான பட்டியலைப் போட்டாய். ஒன்பதாவது வரி: 'மூக்கு, இரண்டு சுற்று டேப். காரணம், பறப்பு 27.' அதே மலை, அதே பனி, பெரிய மோட்டார், முப்பத்திரண்டு பிள்ளைகள். நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

சாவியை ஒளித்துவைத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். நேற்று சாயங்காலம் கரமனை ஆற்றுப் பாலம் வரைக்கும் போனேன். வீசி எறிந்தால் சனிக்கிழமை பறப்பு இல்லை, பிள்ளைகள் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள், நானும் காணாமல் போயிற்று என்று ஒரு கதை கட்டுவேன். கழுத்திலிருந்து கழற்றிக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் தோன்றியது, இதுவும் பாராசூட் கயிற்றைப் பல்லால் அறுக்கிற வேலைதான் என்று. தவிரவும் நீ அடுத்த மாதம் வேறு சாவி செய்துகொண்டு அதே டேப்போடு வருவாய். உன்னைத் தடுக்க என்னிடம் இருப்பது இந்தக் கடிதம் ஒன்றுதான். நான் சொல்வதை ஒருத்தரும் நம்பாதபடிக்கு ஐம்பத்தெட்டு வருஷம் பாடுபட்டு ஒரு வாயை வளர்த்துவைத்திருக்கிறேன். இன்றைக்கு அந்த வாயோடு வந்து, தயவுசெய்து நம்பு என்கிறேன். நம்பாவிட்டால் எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, குட்டி.

காலையில் ஜோஸ் சார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். கடைசியில், "நான் ஆ குட்டியோட முன்னில வெச்சுதானே கேட்டது, ஆரு ஃபிட் செய்ததுன்னு?" என்றார். "ஆமாம் சார்." "எல்லாரும் கேட்டதல்லே?" "ஆமாம் சார்." "அப்போ இதும் எல்லாரும் கேக்கணும்" என்று உள்ளே போய் லாக் புக்கை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். பேனாவை அவர் தரவில்லை. என்னுடையதை எடுத்தேன்.

உன் முறைப்படியே செய்தேன். உன் வரி படிக்கும்படி ஒற்றைக் கோடு. பக்கத்தில் நான் எழுதியது இது: 'பறப்பு இருபத்தேழு. மூக்கு தளர்வாக இல்லை. ஈரத்தில் இறுகியிருந்தது. வானில் கழலவில்லை. மைதானத்தில் யாரும் சோதிக்கவில்லை. மைதானத்துக் கட்டங்களை நான் வீட்டில் ஆறே காலுக்கு நிரப்பினேன். விழுந்த பிறகு மூக்கைப் பிடுங்கியதும் கயிற்றை அறுத்ததும் நான். பொருத்தியவரிடம் பிழை இல்லை. டேப் ஒட்டுவதற்கு இந்தப் பறப்பு காரணம் ஆகாது.' கீழே என் கையெழுத்து, இன்றைய தேதி. ஒரே இடத்தில்தான் போட்டேன். போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை படித்தேன்.

சாவியைக் கவரில் போட்டு ஜோஸ் சாரிடம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை அவர் உன்னிடம் தருவார், வாங்கிக்கொள். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல உனக்கு ஒரு காரணமும் இல்லை. டேப்பை எடுத்துவிடு. எடுத்தாலும் போதாது, மேலே போன பிறகு, பனியில் அரை மணி கிடந்த பிறகு, உன் கையால் இழுத்துப் பார். இறுகினால் உப்புத்தாள் போடு, போடப் போட நேரம் போனால் போகட்டும், ஒன்பதரை பத்தேகால் ஆகட்டும். பட்டியலை நீ படி, சோதிப்பதை வேறு ஒருவர் செய்யட்டும், இல்லை மாற்றிச் செய். ஒரே ஆள் படித்து, ஒரே ஆள் பார்த்து, ஒரே ஆள் டிக் போட்டால் நடுவில் நான் புகுந்துவிடுவேன். ராக்கெட்டை நிறுத்தும் ஏவுமேடையைக் கடையிலிருந்து இன்னும் நூறு அடி தள்ளி வைக்க ஜோஸ் சார் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

செல்லம்மாவுக்கும் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் புள்ள என் காலைப் பிடிக்காத குறையா அழுதுச்சே அய்யா, நீங்க பாத்துக்கிட்டுல்ல நின்னீங்க" என்றாள். சனிக்கிழமை மட்டும் கடையை மூடிவிட்டு மைதானத்துக்கு வெளியே வந்து நில் என்று கேட்டேன். "மழைக்கே மூடல, உங்க வாணத்துக்கா மூடுவேன்? முப்பது புள்ளைங்களுக்கு டீ யாரு போடுறது?" என்று வைத்துவிட்டாள்.

அதனால் நானும் வருவேன். முதல் பஸ்ஸில் வித்துரா வந்து, அங்கிருந்து ஜீப் பிடித்து, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அங்கே இருப்பேன். மைதானத்தில் கட்டும் பாதுகாப்புக் கயிற்றைத் தாண்டி வரமாட்டேன், உன்னிடம் பேச முயல மாட்டேன். நீ என்னைப் பார்க்காமல் போனாலும் அதற்குத் திருத்தம் கேட்க மாட்டேன். செல்லம்மா அந்த ஸ்டூலுக்குப் புதுப் பலகை அடித்துப் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறாள். தகரத்து ஓட்டையைத் தார் வைத்து அடைத்திருக்கிறாள். அவளைப் பாய்லர் பக்கமே நிற்கச் சொல்லிவிட்டு, ராகு காலத்தில், அந்த அடைப்புக்கு நேர் கீழே அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பேன். இது மிரட்டல் என்று நினைக்காதே. அன்றைக்கு அங்கே யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான்கு வருஷமாக எனக்குத் தெரியும்.

இதோடு உன் பட்டியலின் பிரதி ஒன்றும் வைத்திருக்கிறேன். படித்தேன், ஒன்றிலும் பேனா வைக்கவில்லை. ஒன்பதாவது வரியின் வலது கட்டம் காலியாக இருக்கிறது. டேப்புக்கு ஒற்றைக் கோடு போட்டு, மைதானத்தில் மூக்கை இழுத்துப் பார்த்து, அதை நிரப்பிவிட்டுப் பட்டனை அழுத்து.

சித்தப்பா